முழுக்கைச் சட்டைக்குள் ஒரு தாய்மாமன்

நான் வாத்தியார் வேலையில் சேர்ந்ததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அதை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு ஒரே காரணம்தான், அது சாக்பீஸ் தூள். தோளிலும் சட்டைக் கையிலும் வெள்ளையாக எது உதிர்ந்து கிடந்தாலும் வாத்தியாரிடம் மட்டும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. என் தோல் நாற்பது வருஷமாக உதிர்ந்துகொண்டிருக்கிறது. ரிட்டயர் ஆகும்வரை அந்தப் பழியில் பாதியைச் சாக்பீஸ்தான் சுமந்தது. ரிட்டயர் ஆன பிறகு பழியைப் போட ஆளில்லை.

முதலில் இடது முழங்கையில் எட்டணா அளவுக்கு ஒரு திட்டு வந்தது. சிவப்பாக, மேலே வெள்ளிப் பொடி தூவியதுபோல இருக்கும். சுரண்டினால் செதில் உதிரும். அதோடு விடாமல் இன்னும் சுரண்டினால் ஊசி குத்தியதுபோலப் புள்ளி புள்ளியாக ரத்தம் துளிர்க்கும். மேஜையில் கையை ஊன்றி ஊன்றி வந்தது என்று நினைத்தேன். முழங்காலில் வந்தபோது எந்த மேஜையைச் சொல்வது? பிறகு முதுகு, பிறகு தலை. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, தலையில் முடி அடர்த்தியாக இருந்தது, அதனால் கொஞ்ச நாள் மறைத்தது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து முடி திருத்தும் கடையில்தான் அது வெளிப்பட்டது. கடைக்காரர் சீப்பை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். என் மேல் போர்த்தியிருந்த கறுப்புத் துணி முழுக்க வெள்ளை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனிதர். பக்கத்து நாற்காலியில் பாதி ஷேவிங் சோப்போடு உட்கார்ந்திருந்தவர் எழுந்தே விட்டார். "இன்னாய்யா இது? இந்தத் துணிய எனுக்குப் போடாத, ஒட்டிக்கப் போவுது" என்றார். கடைக்காரர் அந்தச் சீப்பை எடுத்துத் தனியாக ஒரு மூலையில் வைத்தார். நான் பாதிக் கிராப்போடு காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அன்றிலிருந்து எனக்கு நானே முடி வெட்டிக்கொண்டேன். பின்னந்தலை எனக்குத் தெரியாது என்பதால் கவலையும் இல்லை.

ஒட்டிக்கும் என்ற அந்த ஒரு சொல்லை நான் அப்படியே நம்பினேன். பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் எடுக்கிற ஆள்தான் நான். ஆனாலும் போய் ஒரு டாக்டரிடம் கேட்கத் தோன்றவில்லை, கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. முழுக்கைச் சட்டை. சித்திரை வெயிலில்கூட மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றேன். "மாப்பிள்ளை கணக்கா இருக்கீங்க சார்" என்று உடன் வேலை பார்த்தவர்கள் கிண்டல் செய்தார்கள். சிரித்துவைத்தேன்.

எனக்கென்று இருந்தது தங்கச்சி ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். ரிஷிவந்தியம் பக்கத்தில் எங்கள் வீடு. அவளை எலவனாசூர்கோட்டையில் விவசாயக் குடும்பம் ஒன்றில் கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்டினேன். பிறகு கல்வராயன் மலைக்கு மாற்றல் கேட்டேன். மலைக்குப் போட்டால் அழுது, ஆள் பிடித்து, மூன்றே மாதத்தில் கீழே இறங்கிவிடுகிற காலம் அது. நான் கேட்டு வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்து அலுவலகத்தில் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். மலையில் வீட்டுக்கு வீடு தூரம். எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஒன்றை யோசிக்காமல் போய்விட்டேன், மலையில் குளிர். மார்கழியில் தோல் வெடித்துப் பிளந்தது. காலையில் பாயை உதறி, அறையைப் பெருக்கி, முறத்தில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுவேன். நம் உடம்பை நாமே பெருக்கிக் கொட்டுகிற காரியம் வேறு யாருக்கும் வாய்த்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன். சில நாள் அந்த முறத்தைப் பார்த்து அழுதுமிருக்கிறேன்.

தங்கச்சிக்குப் பெண் பிறந்தது. பார்க்கப் போனேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தூளிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"தூக்கிக்கோயேன் அண்ணே, அது ஒண்ணும் கடிக்காது" என்றாள் தங்கச்சி.

"தூங்குது, வேணாம்" என்றேன். குழந்தை கண்ணை அகல விழித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷம் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவார்கள். மாமன் இல்லாமல் ஊசி இறங்காது. குலதெய்வக் கோயில் வாசலில் மாமன் மேல்சட்டையில்லாமல், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஊரே பார்க்க உட்கார வேண்டும். வெறும் மடியில் வெறும் உடம்போடு ஒரு வயதுக் குழந்தை. மொட்டை அடித்த பச்சைத் தலை என் மார்பில் சாயும். தங்கச்சியின் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு கம்பவுண்டர் தனியாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். பெயரில்லாத வெள்ளை மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். அவரிடம் போனேன். சாப்பிட்டு ஒரு வாரத்தில் திட்டுகள் அடங்கின. மூன்று வாரத்தில் முதுகு துடைத்துவிட்டதுபோல ஆனது. கன்னம் உப்பி முகம்கூட மினுமினுத்தது. அவர் கடவுள் என்றே நினைத்தேன். காதுகுத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தபோது குழந்தைக்கு ஒரு ஜோடித் தங்கக் கம்மல் வாங்கினேன். அன்று பஜாரில் அரைக்கைச் சட்டை ஒன்றும் வாங்கினேன். மாத்திரை இன்னும் சில நாளைக்கு இருக்கிறது, அடுத்த முறை இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று மலையேறினேன்.

அந்த அடுத்த முறை வரவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் மாவட்டமெல்லாம் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அந்த வாரம் சாலை மறியல். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள், ஒரு வண்டி அசைய முடியாது என்று மலையிறங்கிப் போய்ப் பாதியில் திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். மலைக்கு வருகிற ஒரே பஸ்ஸும் வரவில்லை. தபால் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளும் வரவில்லை. இரண்டாம் நாளே என் மாத்திரை தீர்ந்தது.

நான்காம் நாள் உடம்பு பொங்கியது. முன்பு திட்டுத் திட்டாக இருந்தது, இப்போது திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே இடமே இல்லை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே சிவப்பு. காய்ச்சல். பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, சட்டை போட முடியாமல், பாயில் படுக்க முடியாமல், சுவரோரமாக உட்கார்ந்து நடுங்கினேன். தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. ஆள் வந்திருந்தாலும் கதவைத் திறந்திருக்கமாட்டேன். பக்கத்துக் குடிசையில் கடுக்காய் பொறுக்கி விற்கிற அம்மா ஒருவர் இருந்தார். ஜன்னல் இடுக்கில் என்ன பார்த்தாரோ, ஒரு நாள் காலை வாசலில் ஒரு கட்டு வெட்பாலை இலை கிடந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் புட்டியில் தேங்காயெண்ணெய். கூப்பிடவும் இல்லை, கேட்கவும் இல்லை. அதை என்ன செய்வது என்றுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை, தூக்கி ஒரு ஓரமாக வைத்தேன்.

மறியல் முடிந்து பஸ் வந்தது. அதில் தங்கச்சியின் கடிதமும் வந்தது. மாமன் வர வழியில்லை என்பதால் காதுகுத்தைத் தள்ளி வைத்துவிட்டார்களாம். அடுத்த வெள்ளிக்கிழமை, கட்டாயம் வந்துவிடு என்று எழுதியிருந்தாள். எனக்காக ஒரு வீடே காத்திருக்கிறது. நான் கண்ணாடியில் பார்த்தேன். காதிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

ஒரு போஸ்ட் கார்டு எழுதினேன். 'மலைப்பாதையில் இன்னும் மரம் கிடக்கிறது. பஸ் ஓடவில்லை. என்னால் இறங்க முடியாது. எனக்காக இனி நிறுத்த வேண்டாம்.' எழுதி, துண்டைப் போர்த்திக்கொண்டு போய்த் தபால் பெட்டியில் போட்டேன். அந்தத் தபால் பை அன்றைக்கே அதே பஸ்ஸில் இறங்கியது. பஸ் ஓடவில்லை என்று எழுதிய கார்டைப் பஸ்ஸிலேயே அனுப்பிய அறிவாளி இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அது எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது.

அங்கே அது உடனே உறைத்துவிட்டது. கார்டைத் தங்கச்சி எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தாளாம். படித்து முடித்ததும் அவள் மாமனார், "பஸ்ஸு ஓடலைனா இந்தக் கார்டு இன்னா பறந்துக்கினா வந்துச்சு?" என்று கேட்டாராம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சீர் செய்ய வக்கில்லாமல் ஒளிந்துகொண்டான் என்று ஒருவர் சொல்ல, அதுவே பேச்சாகிவிட்டது. எங்கள் அம்மா வழியில் தூரத்து உறவாக ஒரு மாமனைத் தேடிப் பிடித்து, அவர் மடியில் வைத்துக் காது குத்தினார்கள்.

கம்மலைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அது திரும்பி வந்தது. கூடவே தங்கச்சியின் கையெழுத்தில் நாலு வரி. 'உன் கார்டுக்குப் பஸ்ஸில் இடம் கிடைத்தது. உனக்குக் கிடைக்கவில்லை. மடி தராத மாமனின் சீர் எங்களுக்கு வேண்டாம். இனிமேல் எழுதாதே.'

நியாயம்தான். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எழுதச் சொல்லியிருந்தால்கூட எதை எழுதுவது? குழந்தைக்கு ஒட்டாமல் காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு ஆறுதல் மட்டும் இருந்தது. கம்மலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

மறுவருஷம் மறுபடியும் உடம்பு பொங்கியபோது வேறு வழியில்லாமல் புதுச்சேரிக்குப் போனேன். பெரிய ஆஸ்பத்திரி, தோல் பிரிவு, நீண்ட வரிசை. என் முறை வந்தபோது கம்பவுண்டர் மாத்திரைவரை எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையைக் கழற்றச் சொன்னார் டாக்டரம்மா. கழற்றினேன். அவர் உறை எதுவும் போடாத கையால் என் முதுகைத் தடவிப் பார்த்தார். நாலைந்து வருஷமாக ஒரு மனிதக் கை என் மேல் பட்டதில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கையைக் கழுவிடுங்கம்மா, ஒட்டிக்கும்" என்றேன்.

"யார் சொன்னா?" என்றார் அவர். "சொரியாசிஸ் யாருக்கும் ஒட்டாது. எல்லாருக்கும் தோல் மாசத்துக்கு ஒரு தடவை மாறுது, உங்களுக்கு நாலஞ்சு நாள்ல மாறுது. உள்ளே இருக்கிற அழற்சி அதை அவசரப்படுத்துது, அவ்வளவுதான். அந்த மாத்திரையை யார் கொடுத்தது? அதைச் சாப்பிட்டுச் சட்டுனு நிறுத்தினா இப்படித்தான் உடம்பு முழுக்கப் பொங்கும்."

"போயிடுமா?"

"போகாது. அடக்கி வெச்சுக்கலாம். தார் களிம்பு தர்றேன். காலை வெயில்ல நில்லுங்க. எண்ணெய் தடவுங்க, சொறியாதீங்க, கவலைப்படாதீங்க." பிறகு சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்: "வீட்ல வேற யாருக்காவது இருக்கா? இது குடும்பத்துல வரலாம். வராமலும் போகலாம்."

ஒட்டாது. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஒரு சொல்லை நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒட்டாது என்றால் அந்தக் குழந்தையைத் தூக்கியிருக்கலாம். மடியில் வைத்திருக்கலாம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். நேராக எலவனாசூர்கோட்டைக்குப் போய், தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று டிக்கெட் வாங்கினேன்.

பஸ்ஸில் வரும்போது டாக்டர் சொன்ன இரண்டாவது விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. குடும்பத்தில் வரலாம். நான் போய் இதைச் சொன்னால், அது என் நோயாக மட்டும் இருக்காது. தங்கச்சி பிறந்த வீட்டு நோய் ஆகும். அவள் மாமியார் வீட்டில் ஒரு சொல் விழும். நாளைக்கு அந்தப் பெண் குழந்தை வளர்ந்து, கல்யாணப் பேச்சு என்று வரும்போது அந்தச் சொல் எழுந்து நிற்கும். எலவனாசூர்கோட்டையில் பஸ் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை. முதல் தடவை வாயை மூடிக்கொண்டது தெரியாமல். இந்தத் தடவை தெரிந்தே மூடிக்கொண்டேன். இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஒரே மாதிரி போயின. விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பாறைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு வெயிலில் உட்காருவேன். வெட்பாலை இலையை என்ன செய்வது என்று கடுக்காய் விற்கிற அம்மாவிடமே கடைசியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். என் பனியன்கள் எல்லாம் அந்த நிறத்தில்தான் இருக்கும். இரவில் தார் களிம்பு. காலையில் எவ்வளவு குளித்தாலும் அந்த வாசனை போகாது. நான் வகுப்புக்குள் நுழைந்தால், "சார், நம்ம ஊருக்கு ரோடு போடப் போறாங்களா?" என்று பிள்ளைகள் ஜன்னலை எட்டிப் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் கொஞ்சம் தேவலை. மார்கழியில் பழையபடி முறம். எரிச்சல்பட்டால் ஜாஸ்தியாகும், ஜாஸ்தியானால் எரிச்சல் வரும். சொறியாமல் இருக்க இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்காரப் பழகினேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டதுபோல நின்றேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு கார்டாவது வருமா என்று தபால்காரரைப் பார்ப்பேன். பதினைந்து வருஷம் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் தங்கச்சி வந்தாள். கூட ஒரு பெண், பதினாறு வயது. தலையில் துப்பட்டாவை இறுக்கிச் சுற்றியிருந்தது. நான் அறை வாசலில் முழுக்கைச் சட்டையோடு நின்றேன். நலமா என்று கேட்கவில்லை, உட்காரவும் இல்லை தங்கச்சி.

"டாக்டராண்ட கூட்டிக்கினு போனேன்" என்றாள். "உங்க வூட்ல யாருக்குனா இருக்கான்னு கேட்டாரு. யாருக்கும் இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ராத்திரி படுத்தா தூக்கம் வரல. எங்க அண்ணன் சித்திர மாசத்துல ஏன் முழுக்கைச் சட்டை போடுதுன்னு அப்பதான் தோணுச்சு."

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கையக் காட்டு அண்ணே."

நான் காட்டவில்லை. அவளே வந்து என் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி, சட்டையை முழங்கைவரை சுருட்டினாள். பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் துப்பட்டாவை அவிழ்த்தாள். நெற்றி மயிர்க்கோட்டில் சிவப்பு, இரண்டு காதுக்குப் பின்னாலும் வெள்ளைச் செதில். நான் தொடாமல் காத்த குழந்தை. தொடாமலே வந்துவிட்டது.

உள்ளே போய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். மூவரும் பாறைக்குப் போனோம். நான் உட்கார்ந்தேன். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, "எப்படி மாமா, இப்படியா?" என்று கேட்டு என் மடியில் தலையைச் சாய்த்துப் படுத்தது. முடியை வகிர்ந்து வகிர்ந்து எண்ணெய் வைத்தேன். எண்ணெய் அதிகமாகி நெற்றியில் வழிந்தது. "கண்ணுல போவுது மாமா" என்று அது சிரித்தது. செதில் ஊறி என் விரலோடு வந்தது. என்னுடையதைப் போலவேதான் இருந்தது.

தங்கச்சி கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிட்டே வந்தாள்.

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? நான் இன்னா உன் தோலையா கேட்டேன்? மடியத்தானே அண்ணே கேட்டேன்."

அறைக்குத் திரும்பியதும் பெட்டியைத் திறந்து கம்மலை எடுத்துக் கொடுத்தேன். அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒரு வயதுக் காதுக்கு வாங்கியது, மிளகு அளவுதான் இருக்கும். இந்த முறை திருப்பிக் கொடுக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எங்க வூட்டுக்காரராண்ட நானே சொல்லிக்கிறேன். நீ கெளம்பு" என்றாள்.

"நான் எதுக்கு?"

"உன் மருமவளுக்கு அந்த எண்ணெய எப்படிப் போடறதுன்னு எனுக்குத் தெரியாது. வூட்டுக்கு வந்து காட்டு."

இரண்டு மணி பஸ்ஸில் கூட்டம் இல்லை. சட்டைக் கை முழங்கைவரை சுருட்டியபடியேதான் இருந்தது, இறக்கிவிட மறந்துபோனேன். நான் பணம் எடுக்கப் பையில் கை விட்டபோது தங்கச்சி என் கையைத் தட்டிவிட்டு, கண்டக்டரிடம் காசை நீட்டிச் சொன்னாள்: "கள்ளக்குறிச்சி, மூணு."